மூலச் சான்றிதழும் முதல் நம்பிக்கையும்

ஒரு தாளுக்கு மதிப்பு அதில் எழுதப்பட்டுள்ள சொற்களினால் மட்டும் வருவதன்று. அதன் கீழே இடப்பட்டுள்ள கையொப்பத்தினாலேயே வருகிறது. ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்களில் வாழும் மக்களுக்கு இவ்வுண்மையை எவரும் புதிதாக எடுத்துரைக்க வேண்டியதில்லை. பசறையிலோ மடுல்சீமையிலோ அப்புத்தளையிலோ உள்ள தோட்டமொன்றிலிருந்து தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும் ஒருவர், தம் பெயரையும் பிறந்த திகதியையும் தாமே எழுதி அனுப்பினாற் போதாது. தோட்ட அத்தியட்சகரோ கிராம அலுவலரோ அவ்விண்ணப்பத்திற் சான்றுறுதி செய்தல் வேண்டும். பாடசாலை மாணவராயின் அதிபரின் கையொப்பமும் முத்திரையும் வேண்டும்.

ஆட்பதிவுத் திணைக்களத்து அலுவலர் அம்மாணவனைக் கண்டவரல்லர். அதிபரையும் நேரிற் கண்டிருக்க மாட்டார். எனினும் அதிபர் பதவி அரசினால் வழங்கப்பட்டது என்பதை அவர் அறிவார். அரசை நம்புவதனால் அதிபரை நம்புகிறார். அதிபரை நம்புவதனால் மாணவனை நம்புகிறார். இவ்வாறு நம்பிக்கையானது மேலிருந்து படிப்படியாக இறங்கி வருகிறது. உச்சியிலுள்ள படி உறுதியானதாயின் கீழ்ப்படிகள் யாவும் நிலைக்கும். உச்சிப் படியே பொய்யாயின் கீழுள்ளவை எல்லாம் பொய்யாகும்.

இத்தோட்டங்களின் வரலாற்றிலே சான்றுத் தாளொன்று கசப்பான நினைவாக நிலைத்துள்ளது. அதற்குத் 'துண்டு' என்று பெயர். ஆங்கிலேயத் துரைமாரும் தம் மொழியில் அத்தமிழ்ச் சொல்லையே வழங்கினர். தொழிலாளி ஒருவன் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குச் செல்ல விரும்பினால், 'இவனுக்குள்ள கடன் இவ்வளவு; அதனைத் தீர்த்தால் இவனை விடுவிப்போம்' என்று பழைய தோட்டத்தில் எழுதிக் கொடுத்த துண்டு அவனுக்கு வேண்டியிருந்தது. புதிய தோட்டத்துத் துரை தொழிலாளியின் வாய்ச்சொல்லை நம்பவில்லை. துண்டிலிருந்த கையொப்பத்தையே நம்பினார். துண்டைச் சுமந்து நடந்தவனோ பெரும்பாலும் அதனை வாசிக்க அறியாதவன். அவன் வாசியாத தாளே அவன் எங்கே தொழில் செய்யலாம் என்பதைத் தீர்மானித்தது. 1921 ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டத்தினால் துண்டு முறை ஒழிக்கப்பட்டது.

துண்டு ஒழிந்து நூறாண்டுகள் கடந்துவிட்டன. ஆயினும், தான் வாசியாத ஒரு சான்றினால் மனிதன் கட்டுண்ணும் நிலை இன்று கணினித் திரையிலே வேறோர் உருவில் வந்து நிற்கிறது. 'இந்தச் சான்றிதழை நிறுவலாமா?' என்று கணினி கேட்கிறது. 'ஆம் என்று அழுத்திவிடு' என்று அருகில் நிற்பவர் சொல்கிறார். அவ்வாறு நிறுவப்படுவது யாது, அதனால் விளைவது யாது என்பதை நேயர்கள் அறிந்து வைத்திருத்தல் நன்று.

பதுளை நகரில் ஒரு கணினியின் முன் அமர்ந்து ஒருவர் தம் வங்கியின் இணையத்தளத்தைத் திறக்கிறார் என்று கொள்வோம். அவர் தட்டெழுதும் கடவுச்சொல் நேரே வங்கிக்குப் போய்ச் சேர்வதில்லை. தோட்டத்துத் தபாற் பை பல கைகள் மாறிச் செல்வது போல, அதுவும் இடையிலுள்ள பல இயந்திரங்களைக் கடந்தே செல்கிறது. ஆகையால் இரண்டு ஐயங்கள் எழுகின்றன. இடையிலே எவரேனும் அதனைப் பிரித்து வாசிப்பாரோ என்பது ஒன்று. மறுமுனையில் இருப்பது உண்மையில் அவ்வங்கிதானோ என்பது மற்றொன்று. முதல் ஐயத்தைத் தீர்க்கச் செய்தியை மறைகுறியாக மாற்றி அனுப்பலாம். ஆனால் மடலுக்கு எவ்வளவு உறுதியாக அரக்கு வைத்தாலும், அதனைக் கள்வனின் பெயருக்கே அனுப்பிவிட்டால் அரக்கினாற் பயன் யாது? ஆதலால் இரண்டாவது ஐயமே முதன்மையானது.

1976 ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர்களான விட்பீல்ட் டிபி, மார்ட்டின் ஹெல்மன் ஆகிய இருவரும் ஒரு புதிய வழியை வெளியிட்டனர். அவ்வழியில் ஒருவருக்கு ஒன்றுக்கொன்று இணையான இரண்டு சாவிகள் உண்டு. ஒன்று எவர்க்கும் கொடுக்கத்தக்க பொதுச்சாவி. மற்றையது உரியவர் மட்டும் காத்து வைக்கும் இரகசியச்சாவி. இரகசியச்சாவியைக் கொண்டு இட்ட கையொப்பத்தைப் பொதுச்சாவியைக் கொண்டு எவரும் சரிபார்க்கலாம். ஆனால் பொதுச்சாவியை வைத்திருப்பவர் அக்கையொப்பத்தைத் தாம் இட முடியாது. இவை யாவும் உண்மையில் மிகப் பெரிய எண்களே. சாவி என்பது விளக்கத்துக்காக இட்ட பெயர்.

இதிலும் ஓர் இடர் இருந்தது. 'இது வங்கியின் பொதுச்சாவி' என்று சொல்லி எவனும் தன் சாவியை நீட்டலாமன்றோ? இதற்கு விடையாக, 1978 ஆம் ஆண்டில் மசச்சூசெட்ஸ் தொழினுட்பக் கல்லூரியின் மாணவரான லோரன் கோன்பெல்டர் தமது ஆய்வேட்டிற் சான்றிதழ் என்னும் கருத்தை முன்வைத்தார். இன்ன பெயருடையவரின் பொதுச்சாவி இதுவே என்று எழுதி, நம்பிக்கைக்குரிய மூன்றாமவர் ஒருவர் அதன் கீழே கையொப்பமிட்டால் அதுவே சான்றிதழ். பிறப்புச் சான்றிதழின் பிரதியிற் சமாதான நீதவான் ஒப்பமிடுவதைப் போன்றது இது.

அம்மூன்றாமவரைச் சான்றளிக்கும் நிறுவனம் என்பர். வங்கியின் சான்றிதழில் ஓர் இடைநிலை நிறுவனம் கையொப்பமிடுகிறது. இடைநிலை நிறுவனத்தின் சான்றிதழில் அதற்கு மேலான நிறுவனம் கையொப்பமிடுகிறது. இப்படியே மேலே செல்லச் செல்ல, இறுதியில் தனக்குத்தானே கையொப்பமிட்டுக்கொண்ட ஒரு சான்றிதழ் வருகிறது. அதுவே மூலச் சான்றிதழ். அதற்கு மேலே சான்று கூறுவார் எவருமில்லை. கணினி அதனை நம்புவதற்கு ஒரே காரணம், நம்பத்தக்க மூலங்களின் பட்டியலில் அது முன்னரே வைக்கப்பட்டிருப்பதுதான்.

அப்பட்டியலை வைப்பவர் யார்? விண்டோஸ் இயங்கும் கணினியில் மைக்ரோசொப்ட் நிறுவனம் வைக்கிறது. அப்பிள், கூகுள், மொசில்லா ஆகியனவும் தத்தம் பட்டியல்களைப் பேணுகின்றன. பட்டியலில் இடம் பெற விரும்பும் நிறுவனம் ஆண்டுதோறும் கணக்காய்வுக்கு உட்படுதல் வேண்டும். தவறிழைத்த நிறுவனங்கள் நீக்கப்பட்டதும் உண்டு. பயனர் ஒன்றும் செய்யாமலேயே புதிய மூலங்கள் சேர்வதும் பழையன கழிவதும் நிகழ்கின்றன. எனவே சாதாரணப் பயனர் ஒருவர் தம் கையால் மூலச் சான்றிதழை நிறுவ வேண்டிய தேவை மிக அரிதாகவே எழும்.

அரிதாயினும் நேர்மையான தேவைகள் சில உள. முதலாவது, பழைய கணினிகளினால் வருவது. தோட்டப் பாடசாலைகளுக்கும் சிறு கடைகளுக்கும் வந்து சேரும் கணினிகளுட் பல பிறர் பயன்படுத்திக் கழித்தவை. அவற்றின் மென்பொருள் நெடுங்காலமாகப் புதுப்பிக்கப்படாதிருக்கும். 2021 ஆம் ஆண்டு செப்ரெம்பர் 30 ஆம் திகதி, பல தளங்கள் சார்ந்திருந்த பழைய மூலச் சான்றிதழ் ஒன்று காலாவதியாயிற்று. 'லெட்ஸ் என்கிரிப்ட்' என்னும் இலவசச் சான்றளிப்பு நிறுவனத்தின் புதிய மூலம் புதுப்பிக்கப்படாத கணினிகளில் இல்லாதிருந்தமையால், நேற்று வரை திறந்த தளங்கள் அவற்றில் அன்று எச்சரிக்கை காட்டின. அத்தகைய கணினியில் மென்பொருளைப் புதுப்பித்தலே சிறந்த மருந்து. அது இயலாதவிடத்து அப்புதிய மூலத்தைக் கையால் நிறுவலாம்.

இரண்டாவது, பல்கலைக்கழகங்களும் பெரிய அலுவலகங்களும் தம் உள் வலையமைப்புக்கெனத் தாமே ஒரு மூலத்தை உண்டாக்கிக்கொள்வதனால் வருவது. மூன்றாவது, மின் கையொப்பத்தினால் வருவது. இலங்கையில் 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல் சட்டம் இலத்திரனியற் கையொப்பத்துக்குச் சட்ட ஏற்பு அளித்தது. வங்கிகளிடையே காசோலைத் தீர்வை நடத்தும் லங்காகிளியர் நிறுவனம், பின்னாளில் லங்காபே எனப் பெயர் பெற்றது, 'லங்காசைன்' என்னும் சான்றளிப்புச் சேவையைத் தொடங்கியது. இவ்வாறான உள்நாட்டு மூலம் ஒன்று உலக நிறுவனங்களின் பட்டியலில் இல்லாதபோது, அதனைப் பயன்படுத்துவோர் தம் கணினியில் தாமே நிறுவிக்கொள்ள வேண்டியதாகும்.

நிறுவும் முறை எளிது; அவ்வெளிமையே அதன் ஆபத்துமாகும். விண்டோஸ் கணினியிற் சான்றிதழ்க் கோப்பை இருமுறை அழுத்தித் திறந்தால், அது யாருக்கு வழங்கப்பட்டது, யாரால் வழங்கப்பட்டது, எத்திகதி வரை செல்லுபடியாகும் என்னும் விபரங்கள் தோன்றும். மூலச் சான்றிதழாயின் வழங்கியவர் பெயரும் பெற்றவர் பெயரும் ஒன்றாகவே இருக்கும். கீழேயுள்ள நிறுவும் பொத்தானை அழுத்தினால், இப்பயனர் ஒருவருக்கு மட்டுமா, இக்கணினி முழுவதற்குமா என்று கணினி கேட்கும். பலர் பயன்படுத்தும் கணினியில் இக்கேள்வி சிறியதன்று. முழுவதற்கும் என்றால், பின்னர் அங்கே வந்து அமரும் ஒவ்வொருவர் சார்பிலும் நம்பிக்கை வழங்கப்பட்டுவிடும்; அதற்கு நிருவாகியின் அனுமதியும் வேண்டும். அடுத்து, சான்றிதழை எந்தப் பெட்டியில் இடுவது என்று கேட்கும். கணினியே தெரிவு செய்யவிட்டால் அது வேறொரு பெட்டியிற் சேர்ந்துவிடுவதுண்டு. ஆகவே நம்பகமான மூலச் சான்றளிப்போர் என்னும் பெட்டியைத் தாமே சுட்டிக் காட்டுதல் வேண்டும். பயர்பொக்ஸ் உலாவி தனக்கெனத் தனிப் பட்டியல் ஒன்றை வைத்திருப்பதனால், சிலவேளைகளில் அதன் அமைப்புகளிலும் தனியாக நிறுவ வேண்டியதாகும்.

இவை யாவற்றுக்கும் முன்னதாகச் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அதனைச் செய்வோர் மிகச் சிலர். திறந்த சான்றிதழின் விபரப் பகுதியில் இறுதியாக ஒரு நீண்ட குறி காணப்படும். எழுத்துகளும் எண்களும் கலந்த 40 குறிகள் கொண்ட அதனைப் பெருவிரல் அடையாளம் என்றே கணினித் துறையினர் பெயரிட்டு வழங்குகின்றனர். சான்றிதழில் ஓர் எழுத்து மாறினாலும் இவ்வடையாளம் முழுதும் மாறிவிடும். ஒரே பெயரில் இருவேறு சான்றிதழ்களைச் செய்யலாம். கேட்ட அடையாளம் வரும்படி இன்னொரு சான்றிதழைச் செய்தல் நடைமுறையில் இயலாத செயல்.

ஆகையால், சான்றிதழை வழங்கும் நிறுவனம் வெளியிட்டுள்ள அடையாளத்தை வேறொரு வழியாகப் பெற்று ஒப்புநோக்குதல் வேண்டும். கோப்பு எந்த மின்னஞ்சலில் வந்ததோ அதே மின்னஞ்சலில் உள்ள அடையாளத்தைக் கொண்டு சரிபார்ப்பது, வந்தவனிடமே அவன் நல்லவனா என்று கேட்பதற்கு ஒப்பாகும். புதுப்பிக்கப்பட்ட வேறொரு கணினியில் நிறுவனத்தின் தளத்தைத் திறந்து பார்க்கலாம். அல்லது அலுவலகத்தின் அறிந்த தொலைபேசி இலக்கத்துடன் பேசி, எழுத்தெழுத்தாக வாசிக்கச் செய்து கேட்கலாம். அதற்குச் செல்வது 5 நிமிடமே.

இவ்வளவு கவனம் எதற்கு என்று சிலர் வினவலாம். மூலம் ஒன்றை ஏற்றுக்கொண்ட கணினி, அம்மூலத்தின் கையொப்பம் பெற்ற எந்தத் தளத்தையும் பொதுவாக நம்பிவிடும். ஒரு கடைக்காரருக்காகவென்று நிறுவிய மூலம், வங்கியின் பெயரிலும் அஞ்சலின் பெயரிலும் போலிச் சான்றிதழ் வழங்க வல்லது. அதன் இரகசியச்சாவியை வைத்திருப்பவன் இணைப்பின் இடையிலும் நிற்க வாய்ப்புப் பெற்றால், செய்திகளைப் பிரித்து வாசித்து மீண்டும் ஒட்டி அனுப்பலாம். திரையிற் பூட்டு அடையாளம் எப்போதும் போலவே தோன்றும்; பயனருக்கு ஐயம் எழாது.

இஃது வெறும் கற்பனையன்று. 2011 ஆம் ஆண்டில் நெதர்லாந்தின் டிஜிநோட்டார் என்னும் சான்றளிக்கும் நிறுவனத்துக்குட் கள்வர் இணையவழியாகப் புகுந்து, கூகுளின் பெயரில் உட்படப் பல போலிச் சான்றிதழ்களை உண்டாக்கினர். அவை ஈரான் நாட்டுப் பயனர்களின் மின்னஞ்சலை ஒட்டுக்கேட்கப் பயன்படுத்தப்பட்டன. பாதிக்கப்பட்ட இணைப்புகள் ஏறத்தாழ 3 இலட்சம். அந்நிறுவனம் பட்டியல்களிலிருந்து நீக்கப்பட்டு அவ்வாண்டு செப்ரெம்பரிலேயே முறிந்து போயிற்று. 2014 ஆம் ஆண்டு யூலையில், இந்தியாவின் தேசியத் தகவலியல் மையத்துச் சான்றளிப்புப் பிரிவிலிருந்து கூகுளின் பெயரில் அனுமதியற்ற சான்றிதழ்கள் வெளிவந்திருப்பது கண்டுபிடிக்கப்பட்டு, அவை இரத்துச் செய்யப்பட்டன. வேலியே பயிரை மேயும் நிலை அயல்நாட்டிலும் வரலாம் என்பதற்கு இது சான்று.

இவை நிறுவனங்களின் கதவு உடைந்த கதைகள். பயனரையே கதவைத் திறக்கச் சொன்ன கதையும் உண்டு. 2019 ஆம் ஆண்டு யூலையில் கசகஸ்தான் நாட்டில், அரசு வழங்கும் மூலச் சான்றிதழை யாவரும் தம் கருவிகளில் நிறுவ வேண்டும் என்று இணைய சேவை நிறுவனங்கள் மக்களுக்கு அறிவித்தன. பாதுகாப்புக்கென்றே அது கூறப்பட்டது. ஆனால் அதனை நிறுவியவர்களின் செய்திகளை இடையிலே பிரித்துப் பார்க்க அதனால் இயலும் என்பதை ஆய்வாளர் காட்டினர். அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் கூகுள், மொசில்லா, அப்பிள் ஆகிய மூன்றும் அச்சான்றிதழைத் தம் உலாவிகளிற் செல்லாததாக்கின. 2020 ஆம் ஆண்டின் இறுதியில் மீண்டும் அம்முயற்சி நிகழ்ந்தபோதும் அவ்வாறே செய்தன.

மேலும் 2015 ஆம் ஆண்டு பெப்ரவரியில், லெனோவோ நிறுவனம் விற்ற மடிக்கணினிகள் சிலவற்றில் 'சுப்பர்பிஷ்' என்னும் விளம்பர மென்பொருள் ஒரு மூலச் சான்றிதழை முன்னரே வைத்திருந்தமை வெளியாயிற்று. எல்லாக் கணினிகளிலும் ஒரே இரகசியச்சாவி இருந்தது. அதனை ஆய்வாளர் விரைவிலேயே பிரித்தெடுத்தனர். பயனர் எவரும் 'ஆம்' என்று சொல்லாமலேயே அவர் பெயரால் நம்பிக்கை வழங்கப்பட்டிருந்தது.

ஊவாத் தோட்டங்களில் இவ்விடயம் ஏன் தனிக்கவனம் பெற வேண்டும்? இங்கே கணினி பெரும்பாலும் ஒரு வீட்டுக்கு ஒன்றன்று, பலருக்கு ஒன்று. நகரத்துக் கடையிலும் பாடசாலையிலும் உள்ள ஒரே கணினியில் பலர் வந்து அமர்கின்றனர். மத்திய கிழக்கில் தொழில் செய்யும் தாய் அனுப்பிய பணத்தை மகள் அதிலே பார்க்கிறாள். பல்கலைக்கழக அனுமதிக்கு மாணவன் அதிலே விண்ணப்பிக்கிறான். பெரியவர் ஒருவரின் அடையாள அட்டைப் பிரதி அதிலே ஏற்றப்படுகிறது. ஒருவர் அறியாமல் நிறுவிய பொய் மூலம் அவ்வனைவரையும் பாதிக்கும். ஒருமுறை இழந்த சேமிப்பை மீண்டும் சேர்க்க எத்தனை நாள் கொழுந்து பறிக்க வேண்டும் என்பதைத் தோட்டத்துக் குடும்பங்கள் அறியும்.

ஆகையால் எச்சரிக்கை ஒன்று திரையில் தோன்றும்போது, அதனை நீக்குவதற்காகச் சான்றிதழை நிறுவ முற்படல் தகாது. முதலிற் கணினியின் திகதியையும் நேரத்தையும் பார்த்தல் வேண்டும். பழைய கணினியின் உட்பக்கத்திலுள்ள சிறு மின்கலம் ஓய்ந்துவிட்டால், அதன் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னே சென்றுவிடும். அப்போது செல்லுபடியான சான்றிதழும் இன்னும் தொடங்காததாகத் தோன்றும். திகதியைத் திருத்தினாற் போதும், எச்சரிக்கை மறைந்துவிடும். இரண்டாவதாக மென்பொருளைப் புதுப்பித்தல் வேண்டும். இவற்றின் பின்னரும் எச்சரிக்கை நீங்காதாயின், அத்தளத்திற் கடவுச்சொல்லை இடாமல் விலகுதலே அறிவுடைமை. திரைப்படம் பார்க்கவோ இலவச மென்பொருள் பெறவோ மூலச் சான்றிதழை நிறுவுமாறு எத்தளம் கேட்டாலும் மறுத்துவிடுதல் வேண்டும். அத்தகைய தேவைக்கு மூலச் சான்றிதழ் வேண்டியதே இல்லை.

அலுவலகம் ஒன்று தன் மூலத்தை நிறுவச் சொன்னால், அதனை அலுவலகக் கணினியில் மட்டும் நிறுவுதல் நன்று. தம் சொந்தக் கணினியில் நிறுவுமுன், இதனால் எம் செய்திகள் பிரித்துப் பார்க்கப்படுமா என்று கேட்க எவருக்கும் உரிமை உண்டு. தேவை முடிந்ததும் நீக்கிவிடலாம். கணினியின் தேடற் கட்டத்திற் சான்றிதழ் நிருவாகம் என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரைத் தேடினால், மூலங்களின் பட்டியல் திறக்கும். அதில் தாம் நிறுவியதை மட்டும் தெரிந்து அழித்தல் வேண்டும். பெயர் அறியாத மற்றையவற்றை அச்சத்தினால் அழித்தலாகாது. அழித்தால் நல்ல தளங்களும் திறவா.

அன்று துண்டைச் சுமந்தவனுக்கு அதனை மறுக்கும் உரிமை இருக்கவில்லை. வாசிக்கும் வாய்ப்பும் இருக்கவில்லை. எத்தனையோ தாள்களில் எழுதியிருப்பது யாதென அறியாமலே அவன் தன் பெருவிரலைப் பதித்தான். இன்று அவனுடைய பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் பாடசாலையிற் கற்று வாசிக்க அறிந்தவர்கள். கணினி தன் சான்றிதழின் பெருவிரல் அடையாளத்தை அவர்கள் முன் நீட்டி, ஏற்கலாமா என்று கேட்கிறது. ஆம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் இரண்டு பொத்தான்கள் உள்ளன. வாசித்து, விசாரித்து, ஒப்புநோக்கிய பின்னரே முதலாவதை அழுத்துதல் வேண்டும். விசாரிக்க வழியில்லாதபோது இரண்டாவதை அழுத்துவதே தகும்.